கால்கரியில் எத்தனை மணிக்குப் பொழுது கிளம்புகிறது

1

எங்கள் சமையலறையில் குளிர்பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. திருச்செங்கோட்டில் லாரி உதிரிபாகம் விற்கிற ஒரு கடை வருசா வருசம் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பது. நாங்கள் கனடாவின் இந்தக் கால்கரி நகரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருசம் ஆகிறது. ஒரு வருசம் விடாமல் அப்பா இதை அனுப்பிவைத்தார். ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் அவர்கள் வீட்டுக்கே போய், தாள்கட்டை மட்டும் ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டு வருவார். படம் போட்ட அட்டை பெட்டியில் இடத்தை அடைக்குமாம். அதனால் எங்கள் வீட்டில் அட்டை பழையது, நாள் மட்டும் புதியது.

இந்த வருசத்துத் தாள்கட்டைத் தங்கை மல்லிகா அனுப்பினாள். அப்பா இல்லை. போன வாரம் அவருடைய முதல் வருசத் திதி வந்தது. அதை வியாழக்கிழமை கும்பிடுவதா வெள்ளிக்கிழமை கும்பிடுவதா என்று வீட்டில் ஒரு குழப்பம் கிளம்பி, அது எங்கேயோ போய் நின்றுவிட்டது. நின்ற இடம் எனக்குப் பெருமையானது இல்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்களிடம் ஒரு வருசமாக ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதை எடுத்தாக வேண்டும்.

காலண்டர் கிழிப்பதற்கு அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். காலையில் குளித்துவிட்டு வந்து ஒரே ஒரு தாள். அதற்கு மேல் தொடக் கூடாது. நான் மூன்றாவது படிக்கும்போது, தீபாவளி சீக்கிரம் வரட்டும் என்று நாலு தாளைச் சேர்த்து உருவிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. அடுப்படியிலிருந்து நாலு பருக்கைச் சோறு எடுத்துவந்து, நசுக்கிப் பசையாக்கி, நாலு நாளையும் வரிசை மாறாமல் திரும்ப ஒட்டினார். "வராத நாளெக் கிழிக்கக் கூடாது சாமி" என்றார். அந்த வருசம் எங்கள் வீட்டு ஐப்பசி மாசம் கொஞ்சம் உப்பலாக இருந்தது.

2

அப்பா போர்வெல் போட்டவர். ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டில் தடுக்கி விழுந்தால் ரிக் வண்டிக்காரர் ஒருத்தர் மேல்தான் விழவேண்டும் என்பதால் இதை விளக்கத் தேவையில்லை. வருசத்தில் எட்டு மாசம் அவர் ராஜஸ்தானிலும் மத்தியப்பிரதேசத்திலும் இருப்பார். சட்டைப் பையில் பீடிக்கட்டு இருக்கிற இடத்தில் அவருக்குப் பாக்கெட் பஞ்சாங்கம் இருக்கும்.

பஞ்சாங்கத்தில் நாட்களுக்கு முகம் உண்டு. சில நட்சத்திரங்கள் மேலே பார்க்கும், சில கீழே பார்க்கும், சில நேராகப் பார்க்கும். சுவர் எழுப்ப, மரம் நட, மேல்நோக்கு நாள். கிணறு தோண்ட, கிழங்கு போட, கீழ்நோக்கு நாள். ஆகவே மூலம், பூராடம், விசாகம், மகம் என்று கீழே பார்க்கிற நட்சத்திரமாகப் பார்த்துத்தான் அப்பா துளை போடுகிற ராடை இறக்குவார். தோட்டத்துக்காரர் அவசரப்பட்டு மேல்நோக்கு நாளில் கூப்பிட்டுவிட்டால், "டிரில் பிட்டு தேஞ்சு கெடக்குதுங்க, நாளைக்குப் போட்டர்லாங்க" என்று மழுப்பி ஒரு நாளைத் தள்ளிவிடுவாராம். இந்திக்காரர்களிடமும் இதே பொய்யை இந்தியில் சொல்லிப் பழகியிருந்தார்.

நான் அவரைக் கேலி செய்யாத நாள் குறைவு. என்ஜினியரிங் காலேஜில் சேர்ந்த புதுசில் கேலி கூடிப்போயிற்று. நட்சத்திரம் கீழே பார்த்தால் தண்ணி மேலே வந்துவிடுமா என்று ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே பதில் சொன்னார்.

"வராமயும் போவும் சாமி. முன்னூறு அடி போயித் தண்ணியில்லாமப் பொகையாக் கெளம்புன நாளெல்லாம் இருக்குது. அன்னிக்கு, அடடா நாள் பாக்காம எறக்கிட்டமேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கக் கூடாதல்ல? அதுக்குத்தான் பாக்கறது."

அதாவது, அவர் நாள் பார்த்தது தண்ணீருக்காக இல்லை, பின்னால் வருத்தப்படாமல் இருப்பதற்காக. அப்போது எனக்கு அது தோற்றவன் சொல்கிற சமாதானமாகத்தான் கேட்டது. அவர் தண்ணீருக்குத் துளை போட்ட காசில் என்னைப் படிக்கவைத்தார், நான் இங்கே எண்ணெய்க்குத் துளை போடுகிற கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறேன். எங்கள் கம்பெனி எந்த நட்சத்திரத்திலும் துளை போடும்.

3

வாரம் ஒருமுறை ஊருக்குப் பேசுவோம். இங்கே சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா இருந்தவரைக்கும் அவள்தான் போனைப் பிடித்திருப்பாள். அவள் போன பிறகு அப்பா பேசினார். எடுத்த எடுப்பில் அவர் கேட்கிற கேள்வி சௌக்கியமா என்பது இல்லை.

"அங்க பொழுது எத்தன மணிக்குக் கெளம்புச்சு சாமி?"

பேச வேறு எதுவும் இல்லாததால் கேட்கிறார் என்று நினைத்தேன். இங்கே இருப்பவர்கள் குளிரைப் பற்றிப் பேசி நேரத்தைக் கடத்துவதைப்போல, அவர் சூரியனைப் பற்றிப் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். வாய்க்கு வந்த மணியைச் சொல்வேன். ஆறு என்பேன், ஏழு என்பேன். உண்மையில் இங்கே ஆனியில் ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் முகத்தில் அறையும். மார்கழியில் எட்டே முக்கால் வரைக்கும் தெருவிளக்கு எரியும். இருட்டில் ஆபீஸ் போய் இருட்டில் வீடு வருகிறவனுக்குப் பொழுது கிளம்பினால் என்ன, கிளம்பாவிட்டால் என்ன.

ஒழுங்காகப் பதில் சொன்னது என் மகள் கயல்தான். ஏழெட்டு வயசில் அவளுக்கு எதையும் சரியாகச் சொல்ல வேண்டும். என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, மணியைத் தேடிப் பார்த்து, "எட்டு முப்பத்தெட்டு தாத்தா, மறையறது நாலு முப்பது" என்பாள். அந்தப் பக்கம் அப்பா, "என்ற சாமி, நீதாண்டா கணக்கா சொல்றே" என்று பூரித்துப்போவார். பேனா தேடுகிற சத்தம்கூடக் கேட்கும்.

பிறகு அவளுக்குப் பள்ளிக்கூடம், நீச்சல், தோழிகள் என்று வந்தன. சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில் இருப்பதே அபூர்வமாயிற்று. அவள் தமிழ் மூன்று வாக்கியமாகச் சுருங்கியது. நல்லா இருக்கீங்களா தாத்தா, சாப்பிட்டீங்களா தாத்தா, சரி தாத்தா. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டுவாள். நான் அவளைத் திட்டியதில்லை. எனக்கே ஐந்தாறு வாக்கியம்தான் இருந்தது.

4

போன வருசம் மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஊரில் அது ராத்திரி ஏழரை, மல்லிகா கூப்பிட்டாள். அவளைக் கட்டிக்கொடுத்தது பக்கத்தில் இளம்பிள்ளை என்கிற ஊரில். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு மாசமாகத் திருச்செங்கோட்டில் வந்து இருந்தாள். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டதால் அப்பாவை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்களாம். கட்டிலை ஹாலில் போட்டிருப்பதாகச் சொன்னாள். அழவில்லை. "வர்றதுன்னா இப்பவே வந்துருங்ணா" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரை விமானத்தில் இடம் இருந்தது. பிராங்க்பர்ட் மாறிப் பெங்களூர். அங்கிருந்து காரில் வந்தால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். வழியெல்லாம் பனி என்பதால் வீட்டிலிருந்து ஒன்பதேகாலுக்குக் கிளம்ப வேண்டும். கார்டு நம்பரைப் போட்டாகிவிட்டது, பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது கண் சுவருக்குப் போனது. ஏன் போனது என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். எழுந்து போய் வெள்ளிக்கிழமைத் தாளைத் தூக்கிச் சனிக்கிழமையைப் பார்த்தேன். ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. சூலம் கிழக்கு, அதாவது அன்றைக்குக் கிழக்குத் திசையில் பயணம் ஆகாது. கடைசி வரியில் சந்திராஷ்டமம், உத்திரட்டாதி. அது என் நட்சத்திரம். எதைத் தொட்டாலும் விளங்காது என்று அப்பா அந்த நாட்களில் எங்கள் யாரையும் ஊர்ப் பயணம் விடமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைத் தாளையும் தூக்கிப் பார்த்தேன். ஒன்பதேகாலுக்கு ஒரு குறையும் இல்லை. அதே விமானம், அதே நேரம், இடமும் இருந்தது.

எட்டரைக்கே கிளம்பிவிட்டால் ராகுவைத் தாண்டிவிடலாம்தான். சூலத்தையும் சந்திராஷ்டமத்தையும் எப்படித் தாண்டுவது? என் மனைவி சுமதி வெண்ணந்தூர்க்காரி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்களா நாள் பாக்கறீங்க? டிக்கெட்தான் இருக்குதுங்களே, எடுத்துட்டுக் கெளம்புங்க" என்றாள். நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

பயந்திருந்தேன். அவ்வளவுதான். கெட்ட நேரத்தில் நான் கிளம்பி, அதனால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு பயம். ஆயுசு முழுக்க அவர் வழியைக் கேலி செய்தாயிற்று, இந்த ஒரு தடவை அவர் பேச்சைக் கேட்போம், அதற்காகவாவது அவர் பிழைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு பேரம். அதற்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. அவரைப் படுத்த கோலத்தில் பார்ப்பதை ஒரு நாள் தள்ளிப்போட எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அதைச் சுவர் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டேன். சாயங்காலம் ஆறரைக்கு மல்லிகாவைக் கூப்பிட்டபோது அங்கே சனிக்கிழமை விடிந்திருந்தது. "சனிக்கெழம எடமில்ல அம்மிணி, ஞாயித்துக்கெழமதான் கெடச்சுது. செவ்வாய்க்கெழம காத்தால வந்துர்றேன்" என்றேன். செரிங்ணா, அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குப் படியிறங்கினேன். விமானத்தில் முன்சீட்டு முதுகில் ஓடிய வழி வரைபடத்தில், விமானம் கிழக்கே போகாமல் நேரே வடக்கே ஏறி, பனிப்பாலைகளைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. கால்கரியிலிருந்து திருச்செங்கோடு எந்தத் திசை என்றுகூடத் தெரியாமல் நான் கிழக்குச் சூலத்துக்குப் பயந்திருக்கிறேன்.

பிராங்க்பர்ட்டில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது போன் வந்தது. மல்லிகாவின் வீட்டுக்காரர் பேசினார். ஊரில் திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணி தாண்டியிருந்தது. "மாமா போயிட்டாருங்க மச்சான்" என்றார். வாருங்கள், உங்களுக்காக வைத்திருக்கிறோம் என்றார்.

சனிக்கிழமை கிளம்பியிருந்தால் காலை ஏழிலிருந்து மூன்று வரைக்கும் அவர் பக்கத்தில் இருந்திருப்பேன். எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தில் அவர் இரண்டு முறை கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாராம்.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் முதலில் சுவரைத்தான் பார்த்தேன். காலண்டரில் செவ்வாய்க்கிழமை இருந்தது. சாவு வீட்டில் இதைக் கிழிக்க யாருக்குத் தோன்றியது என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் மல்லிகா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள், அப்புறம் அந்த நினைப்பு எங்கேயோ போய்விட்டது.

ஏன் ஒரு நாள் முன்னால் வரவில்லை என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். ஐயோ பாவம் என்றார்கள். காரியம் முடிகிற வரைக்கும் அத்தனை பேருக்கும் அதையே சொன்னேன். நாலைந்து பேர் விமானக் கம்பெனியைத் திட்டினார்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

திரும்பி வந்ததும் ஆபீசில் துக்க விடுப்புக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். இறந்த நாள் என்ற இடத்தில் திங்கட்கிழமை என்று எழுதினேன். விடுப்பு இறப்புக்கு மறுநாளிலிருந்துதான் கணக்காம். அவர் இறப்பதற்கு முந்தின நாளே ஏன் கிளம்பினேன் என்று படிவம் கொடுத்த பெண்மணி தன்மையாகத்தான் கேட்டார். உலகத்தில் அந்த ஒரு மேசையில்தான் நான் சீக்கிரம் கிளம்பியவனாக இருந்தேன்.

6

முதல் திதிக்கு ஊருக்குப் போவதாகத்தான் இருந்தேன். பாஸ்போர்ட் முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்கக் கொடுத்தால், போட்டோவில் காதுக்குப் பின்னால் நிழல் விழுகிறது என்று ஒருமுறை திருப்பினார்கள். இரண்டாவது முறை, பழைய தாள் ஒன்றில் பிறந்த தேதி மாறியிருக்கிறது என்று விளக்கம் கேட்டார்கள். என் பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் தை மாசம், உத்திரட்டாதி, பால் கறக்கிற நேரம். இதை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்ததில் திதி வந்துவிட்டது.

சரி, இங்கேயே கும்பிடுவோம் என்றாள் சுமதி. இறந்த தேதியை வைத்து இல்லை, மார்கழி தேய்பிறைத் துவாதசியை வைத்துத்தான் திதி. மல்லிகா வெள்ளிக்கிழமை என்றாள். ஊர்க் காலண்டரிலும் வெள்ளிதான். கயலுக்கு இப்போது இருபது வயசு, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தாத்தாவுக்கு நானும் ஏதாவது செய்கிறேன் என்று போனில் ஒரு பஞ்சாங்கம் இறக்கினாள். அது முதலில் எந்த ஊர் என்று கேட்டது. கால்கரி என்று போட்டாள். வியாழன் என்றது.

அவளே அதைக் குடைந்து பார்த்துவிட்டு வந்து விளக்கினாள். திதி என்பது நிலா சூரியனை விட்டு எத்தனை தூரம் போயிருக்கிறது என்பது. அது உலகம் முழுக்க ஒரே கணத்தில் மாறும். ஆனால் அந்தக் கணத்தில் இங்கே வியாழன், அங்கே வெள்ளி. இரண்டும் சரிதான் அப்பா என்றாள். பாதி ஆங்கிலத்தில் சொன்னாலும் எனக்கு ஒரு வாத்தியாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்தச் சந்தோசத்தில் அவள் சுவர்க் காலண்டரையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். தமிழ் எழுத்து வராது, எண்களைப் படிப்பாள்.

"அப்பா, இந்தத் தாள் நம்ம ஊருக்குத் தப்பு."

அவள் நம்ம ஊர் என்றது கால்கரியை. ராகு காலம் என்பது கடிகார நேரமே இல்லையாம். சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரைக்கும் உள்ள பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பாகத்தை ராகுவுக்குக் கொடுத்திருக்கிறார்களாம். ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைகிற ஊரில் ஒரு பாகம் ஒன்றரை மணி. கால்கரியின் ஆனி மாசத்தில் இரண்டு மணிக்கும் மேல். மார்கழியில் ஒரே மணி. இருபத்திரண்டு வருசமாக இதைப் போய் மாட்டிவைத்திருக்கிறீர்களே என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. போன வருசத்துச் சனிக்கிழமையைச் சொல்லி, அன்றைக்குப் போட்டுப் பார் என்றேன். அடுப்படியில் சுமதி தண்ணீர்க் குழாயை மூடினாள்.

கயல் படித்தாள். உதயம் எட்டு நாற்பது. மறைவு நாலு நாற்பது. சனிக்கிழமைக்கு ராகு மூன்றாவது பாகம். பத்து நாற்பதிலிருந்து பதினொன்று நாற்பது.

"ஒன்பதேகாலுக்கு?"

"ராகு இல்ல. குளிகைன்னு இருக்கு. குளிகைன்னா என்ன அப்பா?"

சொன்னேன். குளிகையில் எதைச் செய்தாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால் அந்த நேரத்தில் பிணம் எடுக்க மாட்டார்கள். நல்ல காரியம் செய்யலாம், நகை வாங்கலாம். கயல் கொஞ்சம் யோசித்து, ஊருக்குப் போவது என்று கேட்டாள். ஊருக்குப் போவது நல்லது, போய்க்கொண்டே இருக்கலாம் என்றேன். யார் ஒன்பதேகாலுக்குப் போனது என்று கேட்டாள். யாரும் போகவில்லை என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அங்கே நிற்கும்போதுதான் அப்பாவின் கேள்வி திரும்ப வந்தது. பொழுது எத்தனை மணிக்குக் கிளம்பியது. ராஜஸ்தான் குளிரில் ராடு இறக்கியவர், ஊருக்கு ஊர் பொழுது மாறும் என்று தெரிந்தவர், வாராவாரம் என் ஊர்ப் பொழுதைக் கேட்டு என் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பேனா தேடியது அதற்குத்தான். நானோ வாய்க்கு வந்த மணியைச் சொல்லியிருக்கிறேன்.

7

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் படையல் போட்டோம். ஊரில் அது வெள்ளி காலை ஆறரை, மல்லிகாவும் அதே நேரத்தில் இலை போட்டிருந்தாள். அப்பாவுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சாதமும் கத்திரிக்காய்ப் பொரியலும் இங்கேயும் வைத்தோம், அங்கேயும் வைத்திருந்தார்கள். சூடம் காட்டியதும் கயல் விழுந்து கும்பிட்டாள். பிறகு அவளும் சுமதியும் இலையை எடுக்கப் போனார்கள். போன் திரையில் மல்லிகா மட்டும் இருந்தாள். அவளுக்குப் பின்னால் அதே ஹால்.

"மல்லி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னிக்குச் சனிக்கெழம டிக்கெட் இருந்துச்சு."

அவள் கையிலிருந்த சூடத்தட்டைக் கீழே வைத்தாள்.

"தெரியுங்ணா" என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன்.

"அப்பா சொன்னாரு."

ஒரு வருசமாக அவளும் ஒன்றை மூடிவைத்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், எனக்குப் போன் பண்ணுவதற்கு முன்னால், அப்பா அவளைக் கூப்பிட்டு ஒரே ஒரு சொல் சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறார்: அவனை நாளுகீளு பார்க்காமல் புறப்பட்டு வரச் சொல்லு. வாழ்நாளெல்லாம் நாள் பார்த்தவர் அப்படிச் சொன்னதும் இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அண்ணன் எந்தக் காலத்தில் நாள் பார்த்தது, அதெல்லாம் பார்க்காதுங்கப்பா என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லை என்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டாள்.

"நான் மட்டும் அதெச் சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்கல்ல?" என்றாள். இப்போதுதான் அழுதாள். அது உன் தப்பு இல்லை அம்மிணி என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில், அண்ணனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்புகிறது என்று அவள் போய்ச் சொன்னபோது, அப்பா கண்ணை மூடிக்கொண்டே சிரித்திருக்கிறார்.

"டிக்கெட்டெல்லாம் இருக்கும் அம்மிணி. அவன் நாள் பாக்கறான். பயந்துட்டானாட்ட இருக்குது" என்றாராம்.

எந்தக் கிழமை வந்து சேருவான் என்று கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை என்றிருக்கிறாள். காலண்டரில் செவ்வாய்க்கிழமையை வை என்றிருக்கிறார். அன்றைக்குச் சனிக்கிழமை. நினைவு தப்பிப் பேசுகிறார் என்று நினைத்து, வராத நாளைக் கிழிக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள் என்று இவள் தயங்கியிருக்கிறாள்.

"'கிழி அம்மிணி, ஒண்ணும் ஆவாது'ன்னாரு. மூணு தாளு கிழிச்சனுங்ணா. கட்டலெக் கொஞ்சம் திருப்பிப் போடச் சொல்லி அதையே பாத்துட்டுக் கெடந்தாரு."

சனி, ஞாயிறு, திங்கள். அவர் போன திங்கட்கிழமை அந்தச் சுவரில் இருக்கவே இல்லை. சனிக்கிழமை காலையிலிருந்து அந்த வீட்டில் நான் வருகிற நாள்தான் நடந்துகொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்தபோது தாள் சரியாகத்தான் இருந்தது.